கீழ்த்தெருவின் அறுபத்தொரு ஓட்டு

வார்டு அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. இருபத்தாறு வருஷமாக முன்கவுண்டரில் உட்கார்ந்து, வந்த மனுவுக்கெல்லாம் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தியதால் அவள் சீல் அக்கா ஆனாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் அவள் ‘இந்தா’. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, மோட்டார் சத்தத்திலேயே முக்கால் காதைத் தொலைத்தவர்.

முத்திரை குத்துவது சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் காற்றுதான் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை ஓரடி தள்ளிக் கட்டிவிட்டான் என்று தாளும் கையுமாக வருகிறவர்கள், ‘டப்’ என்று அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் போவார்கள். வேலை நடக்கிறதோ இல்லையோ, நம் குறை ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது என்று ஒரு நிம்மதி.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வார்டுக்கென்று வருஷாவருஷம் ஒதுக்கும் நிதியில் எந்த வேலையைச் செய்வது என்று முடிவெடுக்க மக்கள் கூட்டம் போடுவார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்காலி போட்டு, ஒவ்வொரு வேலையாகப் படித்து, வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்பார்கள். கைகளை எண்ணுவது சீல் அக்கா. மேலே எழும் கை பாதியில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, தலையைச் சொறியப் போய்விடும். பெண்டாட்டி கை புருஷன் கைக்குப் பின்னால்தான் எழும். சாலை கான்ட்ராக்டர் முன்வரிசை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகையும் ஜனங்களுக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்திருப்பார். பல்லைக் குத்திக்கொண்டே ஒவ்வொரு கையாகப் பார்ப்பார்.

ஒரு வருஷம் கான்ட்ராக்டருக்குத் தோதான வேலையை எதிர்த்து ஒன்பது பேர் கை தூக்கிவிட்டார்கள். “எதிர்த்தவங்க பேரைத் தனியா எழுதி வைம்மா” என்றார் அப்போதிருந்த அதிகாரி. எழுதினாள். ஐந்தாவது பெயர், பஸ் நிறுத்தத்துச் சுவரோரம் வண்டி போட்டிருந்த காய்கறிக்காரம்மா. இரண்டே வாரத்தில் அந்தச் சுவரோரம் ‘ஆக்கிரமிப்பு’ ஆனது. வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காய்கறிக்காரம்மா மனுவோடு கவுண்டருக்கு வந்தாள். சீல் அக்காதான் முத்திரை குத்தினாள்.

“அத்தனை கூட்டத்துல என் பேர் மட்டும் எப்படிக்கா அவங்களுக்குப் போச்சு?”

சீல் அக்கா மைப்பெட்டியை மூடினாள்.  அந்தம்மா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அதனால்தான், இனிமேல் கூட்டமும் கிடையாது கை தூக்குவதும் கிடையாது, எல்லோரும் அவரவர் போனிலேயே ஓட்டுப் போடலாம் என்று செயலி வந்தபோது, அலுவலகத்தில் நிஜமாகவே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு விரலால் தொட்டால் முடிந்தது. புருஷன் ஒன்று தொடட்டும், பெண்டாட்டி இரண்டு தொடட்டும், யாருக்குத் தெரியப் போகிறது?

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் நின்றது. மனுக்களும் செயலிக்குப் போய்விட, முத்திரை இழுப்பறைக்குள் போனது. ஆனால் ஜனங்கள் கவுண்டருக்கு வருவது நிற்கவில்லை. தாளுக்குப் பதில் போனை நீட்டினார்கள். “அக்கா, ஏதோ ஆறு நம்பர் வந்திருக்கு, இது நல்லதா கெட்டதா?” “அக்கா, என் முகத்தைக் காட்டச் சொல்லுது, காட்டினா நீ இல்லங்குது.” “அக்கா, பேரன் பேர்ல இருக்கிற நம்பர்க்கா, அவன் ஊர்ல இல்ல.” முன்பெல்லாம் ஒரு மனுவுக்கு ஒரு டப். இப்போது ஓர் ஆளுக்கு அரை மணி. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கண்ணுக்குள் சின்னச் சின்ன எழுத்தாக ஓடும். கணினி வந்தால் வேலை குறையும் என்று யாரோ சொன்னார்களே, அந்த மகராசனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பாள்.

இரண்டாவது வருஷம் செயலியில் மூன்று வேலைகள் ஓட்டுக்கு வந்தன. ஒன்று, கீழ்த்தெருச் சாக்கடையை உடைத்து அகலமாகக் கட்டி மூடுவது. இரண்டு, பூங்காவுக்கு விளக்கும் நடைபாதையும். மூன்று, நூலகத்துக்குக் கம்ப்யூட்டர். ஒரு வாரம் அவகாசம்.

சீல் அக்கா குடியிருப்பது கீழ்த்தெருவின் கடைசி வீட்டில். பெரிய மழை வந்தால் தெருச் சாக்கடை அழைக்காத விருந்தாளி மாதிரி நேரே சமையலறைக்கு வந்துவிடும். அவளும் வீட்டுக்காரரும் அவரவர் போனில் முதல் நாளே ஒன்றைத் தொட்டுவிட்டார்கள். ஆனால் தெருவில் பாதிப் பேரிடம் இருப்பது பொத்தான் போன். ஓடிபி வரும், செயலி வராது.

ஐந்தாம் நாள் காலையில் வார்டு அதிகாரி அவளைக் கூப்பிட்டார். வயசுக்கு முந்தி நரைத்த மனிதர். மேலிடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தால் நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்காருவார்.

“அக்கா, மத்த வார்டெல்லாம் நாப்பது சதவீதம் தாண்டியாச்சு. நாம இன்னும் பதினெட்டுல நிக்கிறோம். பட்டியல்ல கடைசிப் பேரு நம்ம பேரு. ஆபீஸ் டேப்லெட்டை எடுத்துக்கிட்டு கீழ்த்தெருப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்களேன்.”

“எழுதிக் குடுத்துடுங்க சார், போயிட்டு வர்றேன்.”

“இதுக்கெல்லாமா எழுதிக் குடுப்பாங்க? நான் சொல்றேன்ல?”

போனாள். இரண்டு நாள் வீடு வீடாக நடந்தாள். அவர்கள் எண்ணை டேப்லெட்டில் போட, அவர்களுடைய பொத்தான் போனுக்கு ஓடிபி வரும். அதை அவள்தான் படிக்க வேண்டும், எழுத்து அவ்வளவு பொடிசு. பிறகு மூன்று வேலையையும் படித்துக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டு, அவர்கள் விரலைப் பிடித்தே தொட வைப்பாள். நடுநடுவே சிக்னல் போய்விடும். போட்ட ஓட்டு ஏறியதா இல்லையா என்று தெரியாது. அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், எண், தொட்டது ஒன்றா இரண்டா மூன்றா என்று குறித்துக்கொண்டே வந்தாள். ஏறாததைத் திரும்பப் போட வேண்டுமே.

தையல்காரர் வீட்டில் அவர் மனைவி முந்திக்கொண்டு, “ஒண்ணுதான்க்கா, வேறென்ன, கொசுக்கடி எங்களுக்குத்தானே” என்று சத்தமாகச் சொல்லித் தொட்டுவிட்டு உள்ளே போனாள். தையல்காரர் டேப்லெட்டைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார்.

“அக்கா, எனக்கு ரெண்டு. கொஞ்சம் மெதுவா.”

“உங்க இஷ்டம்.”

“கடை பூங்கா வாசல்ல இருக்கு. பொழுது சாஞ்சா அங்க ஈ காக்கா வர்றதில்ல. தெருவுல சொன்னா என்னை உரிச்சுடுவாங்க.”

“நான் எதுவும் கேக்கல” என்று சொல்லி அவர் விரலை இரண்டின் மேல் வைத்தாள் சீல் அக்கா. நோட்டில் 2 என்று எழுதினாள்.

ஏழாம் நாள் முடிவு வந்தது. சாக்கடைக்கு 417, பூங்காவுக்கு 390, நூலகத்துக்கு 52. கீழ்த்தெருவில் யாரோ ஒரு வெடிச்சிரிப்புச் சிரித்தது கடைசி வீடு வரை கேட்டது. நான்கு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்: ஒரே கருவியிலிருந்து அறுபத்தொரு ஓட்டுகள் பதிவாகியிருப்பதால் அவை நிறுத்திவைக்கப்படுகின்றன, விசாரணை நடைபெறும். அந்த அறுபத்தொன்றைக் கழித்தால் சாக்கடைக்கு 363, பூங்காவுக்கு 384.

விசாரணைக்கு வந்த சரிபார்ப்பு அதிகாரி முப்பது வயதுகூட ஆகாத பெண். மரியாதையாகத்தான் பேசினாள். “நீங்க குடியிருக்கிறது கீழ்த்தெருவா?” “ஆமா மேடம்.” “அறுபத்தொண்ணும் நீங்க போட்டதா?” “நான் போடல மேடம். போட உதவி பண்ணேன்.” “யார் போகச் சொன்னது?”

சீல் அக்கா வார்டு அதிகாரியைப் பார்த்தாள். அவர் மேஜைக் கண்ணாடியின் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜனங்களை ஊக்கப்படுத்துங்கன்னு பொதுவாச் சொன்னேன் மேடம். டேப்லெட்டைத் தூக்கிட்டுப் போங்கன்னு நான் எழுத்துல எதுவும் குடுக்கல.”

“குடுக்கலதான்” என்றாள் சீல் அக்கா. அதற்கு மேல் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேர் எத்தனை தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதே கண்ணாடி விரிசலைப் பார்த்திருக்கிறார்கள்!

சரிபார்ப்பு அதிகாரி கடைசியாகக் கேட்டாள்: “வேற ஆதாரம் ஏதாவது?” சிக்னல் விஷயத்தைச் சொல்லும்போது நோட்டைப் பற்றி வாய் தவறி வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகமே மலர்ந்தது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! நாளைக்குக் கொண்டு வாங்க. யார் எதுக்குப் போட்டாங்கன்னு நீங்க எழுதினதும் சிஸ்டத்துல இருக்கிறதும் ஒத்துப்போச்சுன்னா, அறுபத்தொண்ணையும் ஏத்துக்கலாம். உங்க மேலயும் ஒண்ணும் வராது. எல்லாமே சாக்கடைக்கு இல்லன்னா இன்னும் நல்லது, நீங்க நடுநிலையா இருந்தீங்கன்னு ஆகும்.”

“அந்த நோட்டு எங்க போகும் மேடம்?”

“ஃபைல்ல இருக்கும். பூங்கா தரப்புல ஆட்சேபணை குடுத்திருக்காங்க. அவங்க கேட்டா நகல் குடுக்கணும்.”

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள். நோட்டு பைக்குள் இருந்தது. ஐம்பத்துநாலு ஒன்று, ஆறு இரண்டு, ஒரு மூன்று. அத்தனை வருஷமாகக் கேட்ட சாக்கடை அந்த நாற்பது பக்கத்துக்குள் கிடக்கிறது. நகல் கேட்டு வாங்கினால் தெருவில் எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்? ஒரு போனில் ஒரு படம் எடுத்தால் மறுநிமிஷம் நாலு குழுவில் ஓடும். அந்தக் காலத்துக் கான்ட்ராக்டர் பாவம், ஒவ்வொரு கையாகக் கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்காரரிடம் யோசனை கேட்கலாம் என்றால் அதுவும் முடியாது. அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் தெருவுக்கே கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கியதில்லை. பேசாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

விடிந்து துணி ஊறவைக்கும்போது, சோப்புத்தூள் போட்ட வாளியில் நோட்டையும் போட்டாள். பேனா மை நீலமாகக் கிளம்பி நுரையில் சுற்றியது. கைவிட்டுப் பிசைந்தாள். காய்கறிக்காரம்மாவின் பெயரை எழுதிய அதே கைதான்.

வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “என்ன இந்தா, புத்தகத்தையெல்லாம் துவைக்கிற?”

“அழுக்கு” என்று கத்தினாள்.

“ஆங்?”

“அழுக்குன்னேன்!”

தலைமை அலுவலகத்தில் சரிபார்ப்பு அதிகாரியிடம் வெறுங்கையோடு நின்றாள். “நோட்டு தண்ணியில போயிடுச்சு மேடம்.”

“தானாவா போச்சு?”

“இல்ல. நான்தான் போட்டேன். அவங்க பேரும் நம்பரும் உங்க சிஸ்டத்துலயே இருக்கு. போட்டது அவங்கதானான்னு அவங்களையே கேளுங்க. எதுக்குப் போட்டாங்கன்னு கேக்காதீங்க.”

 அந்தப் பெண் பேனாவை மூடித் திறந்தாள். பிறகு, “இதுக்கு உங்களுக்கு மெமோ வரும், தெரியும்ல?” என்றாள். தெரியும் என்றாள் சீல் அக்கா. “மூணு வேலை நாள் டயம் தர்றேன். யாரெல்லாம் அடையாள அட்டையோட இங்க நேர்ல வந்து, ஓட்டுப் போட்டது நான்தான்னு கையெழுத்துப் போடுறாங்களோ, அவங்க ஓட்டு மட்டும் திரும்ப ஏறும். இதுக்கு மேல என்னால முடியாதுக்கா.” அவள் வாயிலும் அக்கா வந்துவிட்டது.

தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கவுண்டர் பத்து மணிக்குத் திறந்து நாலு மணிக்கு மூடும். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற ஆள் கீழ்த்தெருவில் யார்? சீல் அக்கா மூன்று நாள் லீவு போட்டு அறுபத்தொரு வாசலும் ஏறினாள். ஒருத்தர் போன வாரம்தான் இறந்துபோயிருந்தார். மூன்று பேர் மகள் வீட்டுக்கு, மகன் வீட்டுக்கு என்று வெளியூர். “ஒருநாள் கூலியை யாரு தருவா?” என்றார் ஒருவர். “நான் போட்ட ஓட்டை நானே போட்டேன்னு எதுக்கு நிரூபிக்கணும்? அவங்க வந்து நான் போடலன்னு நிரூபிக்கட்டும்” என்றார் கொத்தனார் ஒருவர். அவர் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் வரவும் இல்லை.

வர முடிந்தவர்களை நாலும் ஐந்துமாகக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வரிசையில் நிற்க முடியாதவர்களை உட்கார வைத்து, தானே அவர்களுக்காக நின்றாள். இரண்டாம் நாள் மத்தியானம் பூங்கா வாசலுக்குப் போய்த் தையல்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் மிஷினை நிறுத்தினார். “நான் வந்தா நம்ம தெருவுக்குத்தானே நஷ்டம்? என்னை விட்டுட்டு மத்தவங்களைக் கூட்டிட்டுப் போனா யாரு கேக்கப் போறா?”

அது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. நேற்று முழுக்கத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

“அறுபத்தொரு பேருக்கும் சொல்றேன். உங்களை மட்டும் விட்டா அது வேற மாதிரி ஆயிடும். வர்றதும் வராததும் உங்க பாடு.”

தையல்காரர் வந்தார். பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, தனியாகவே திரும்பிப் போனார்.

மொத்தம் இருபத்தாறு பேர் வந்தார்கள். கடைசிக் கணக்கு செயலியில் ஏறியது. சாக்கடைக்கு 385. பூங்காவுக்கு 387.

இரண்டே ஓட்டு. கீழ்த்தெரு அன்று சிரிக்கவில்லை. குழாயடியில் நின்று கணக்குப் போட்டது. போனவர்கள் இருபத்தாறு, சாக்கடைக்கு ஏறியது இருபத்திரண்டு, நூலகத்துக்கு ஒன்று, பூங்காவுக்கு மூன்று. அப்படியென்றால் நம்மோடு பஸ் ஏறி வந்து, நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, நமக்கே குழி பறித்த மூன்று பேர் யார்? அந்த மூவரும் வராமல் இருந்திருந்தால் ஒரு ஓட்டில் ஜெயித்திருக்கலாம். இதெல்லாம் சீல் அக்கா ஏற்கெனவே போட்டுப் பார்த்த கணக்குதான். அவள் ஒருத்திக்குத்தான் மூன்று பேரின் முகமும் தெரியும்.

“நீதானேக்கா எல்லாருக்கும் போட்டு விட்டே. சொல்லேன்” என்று வாசலுக்கே வந்தார்கள்.

“நோட்டை ஊறப் போட்டாச்சு. என் ஞாபகம் அதுக்கு முன்னாடியே ஊறிப் போச்சு. வயசாகுதுல்ல.”

“சொந்தத் தெருவுக்கே துரோகம் பண்றியேக்கா” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அதே வாயால் எத்தனை தடவை அவசரத்துக்கு அக்கா, அக்கா என்று கூப்பிட்டிருப்பாள்! சீல் அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மாதத்துக்குப் பாதித் தெரு அவளோடு பேசவில்லை. சந்தேகம் எப்படியோ சுற்றி, கூடப் பஸ் ஏறி வந்த பால்காரர் தலையில் போய் விழுந்தது; பூங்காப் பக்கத்து வீடுகளுக்கும் அவர் பால் ஊற்றுவதுதான் காரணம். ஆறேழு வீட்டில் பாலை நிறுத்தினார்கள். பால்காரர் ஓட்டுப் போட்டது சாக்கடைக்குத்தான்.

ஒருநாள் தையல்காரர் கவுண்டருக்கு வந்தார். போனை நீட்டாமல் சும்மா நின்றார்.

“நான்தான்னு சொல்லிடட்டுமாக்கா?”

“அது நீங்க முடிவு பண்ற விஷயம். நான் சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன்.”

அவர் சொல்லவில்லை. மாற்றி வாங்கிய பாலில் தண்ணீர்தான் அதிகம் என்று தெரிந்ததும், நிறுத்தியவர்கள் ஒவ்வொருவராகப் பழைய பால்காரரிடமே திரும்பினார்கள். பேச்சும் அதோடு தேய்ந்தது.

மெமோ வந்தது. அதிகார வரம்பை மீறியதற்கும் ஆவணத்தை அழித்ததற்கும் அவள் விளக்கம் எழுதிக் கொடுத்தாள். ஏற்கவில்லை என்று பதில் வந்தது. அதே மாதத்தில் இன்னொரு கடிதமும் வந்தது: இனி ஒவ்வொரு வார்டிலும் ஒரு உதவி மேஜை இருக்கும், செயலி இல்லாதவர்கள் அங்கே வந்து ஓட்டுப் போடலாம், மேஜையில் உட்காரும் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க முன்அனுபவம் உள்ளவராக அவளையே நியமிக்கிறார்கள். சரிபார்ப்பு அதிகாரியின் கையெழுத்து இருந்தது. வார்டு அதிகாரி இரண்டு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, “அடிக்கிறதும் அவங்கதான், அணைக்கிறதும் அவங்கதான்” என்றார். அவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை இல்லை.

பயிற்சிக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். திரையை எப்படித் திறப்பது, ஓடிபியை எங்கே போடுவது எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் தனக்கு வேண்டிய வேலையின் எண்ணைச் சொல்ல மற்றவர் கேட்க வேண்டும் என்றாள். “எண்ணைக் கேட்டதும் உங்க முகம் மாறக் கூடாது. நம்ம பக்கம்னா மலரவும் கூடாது, எதிர்ப் பக்கம்னா சுருங்கவும் கூடாது. அவங்க நம்ம முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். செய்து பார்த்தபோது ஒருவருக்கும் வரவில்லை. சாயங்காலம் வரை அதையே செய்ய வைத்தாள்.

அடுத்த வருஷ ஓட்டில் கீழ்த்தெருவிலிருந்து உதவி மேஜைக்கு வந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர். போன தடவை பட்டது போதும் என்று மற்றவர்கள் வரவில்லை. சாக்கடை முப்பத்தெட்டு ஓட்டில் ஜெயித்தது. ஒப்பந்தம், ஆட்சேபணை, மறு ஒப்பந்தம் என்று ஏழு மாதம் ஓடி, மழைக்காலம் முடிந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கும் என்றார்கள்.

அந்த மழைக்குத் தண்ணீர் வழக்கம்போல வந்தது. காலையில் சீல் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பாத்திரத்தாலும், வீட்டுக்காரர் ஒரு முறத்தாலும் சமையலறையிலிருந்து வாசலுக்குத் தண்ணீரைத் தள்ளினார்கள். கேஸ் அடுப்பை மேஜை மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அடுத்த வருஷம் வராதுல்ல?” என்றார் வீட்டுக்காரர்.

“வராதுன்னுதான் சொல்றாங்க.”

“ஆங்?”

அவள் குனிந்து பாத்திரத்தை மறுபடி தண்ணீருக்குள் விட்டாள்.  தண்ணீர் இன்னும் கணுக்கால் அளவு இருந்தது. பத்து மணிக்குள் அவள் கவுண்டரில் இருக்க வேண்டும்.